புசல்லாவை வரைக்கும் போதுமான பெற்றோல்

எனக்கு முன்னால் ஒரு வண்டி போனால் பொறுக்காது. அது பஸ்ஸோ, லொறியோ, மரக்கறி ஏற்றிய ட்ரக்டரோ, எட்டிப் பிடித்து முந்தினால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். கண்டி மகியாவையிலிருந்து புசல்லாவைப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஒவ்வொரு காலையும் நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். சின்னக் கார், அதுவும் பழையது. ஆனால் நான் ஏறி உட்கார்ந்தால் அதற்கும் வீறாப்பு வந்துவிடும். கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டாம் கியரைப் போட்டு மிதித்தேன் என்றால், பின்சீட்டில் இருக்கும் வரலாற்று மிஸ் கைப்பைக்குள்ளிருந்து செபமாலையை எடுத்துவிடுவார். பேராதனையில் ஏறுகிறவர் அவர். கெலிஓயாவில் ஏறுகிற வர்த்தக சேர் முன்சீட்டுக்காரர், நல்ல பாரமான மனிதர். அவர் கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

அந்த வருஷம் நாட்டில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. முதலில் வரிசை, பிறகு பெரிய வரிசை, கடைசியில் கோட்டா. கைபேசித் திரையில் ஒரு கறுப்பு வெள்ளை QR கட்டம். அதை பெற்றோல் ஷெட்டில் நீட்டினால் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றுவார்கள். கெஞ்சினாலும் ஒரு சொட்டு கூட விழாது. முதல் வாரம் என் பங்கு புதன்கிழமையோடு முடிந்தது. வியாழனும் வெள்ளியும் நான் வீட்டில் இருந்தேன். பஸ்ஸில் போகலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். அப்போது பஸ்ஸுக்கும் எண்ணெய் இல்லை. வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வந்ததிலும் மிதிபலகையில் கால் வைக்க இடம் கிடைப்பது நம் அதிர்ஷ்டம்.

நான் இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு தொடங்கி, அதில் முதன்முதலாகப் பரீட்சைக்குப் போக இருந்தது பதினொரு பிள்ளைகள். எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் மூன்றாவது ஆசிரியை. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் பாதியிலேயே மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், தூரம் அப்படி. ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஆசிரியர் அறை வாசலில் யாராவது என்னோடு மெதுவாகப் பேசினால் போதும், ஜன்னல் பக்கம் பதினொரு தலையும் திரும்பிவிடும்.

அடுத்த திங்கட்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். போக்குவரத்துக் கஷ்டம் உள்ள ஆசிரியர்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிகமாக இணைந்துகொள்ளலாம் என்று அறிவித்தல் வந்திருந்தது. மகியாவையிலிருந்து நடந்தே போகக்கூடிய பள்ளிக்கூடங்கள் கண்டியில் எத்தனையோ இருந்தன.

"நீங்க போனா நான் தப்புச் சொல்ல மாட்டேன் டீச்சர்," என்றார். "ஆனா, வாரத்துல மூணு நாள் வந்துட்டு ரெண்டு நாள் வராம இருந்தா அது யாருக்கும் பிரயோசனம் இல்ல. ஒன்னு வாங்க, இல்லாட்டி இந்த மாற்றத்துக்குக் கையெழுத்து வச்சிட்டுப் போங்க. நான் வேற ஆளாவது தேடிப் பாக்கிறேன்."

வேற ஆள் எங்கே கிடைக்கப் போகிறது! பரீட்சைக்கு இருந்தது கொஞ்ச மாதங்கள். நான் போனால் அந்தப் பதினொரு பேரும் வகையீட்டையும் தொகையீட்டையும் தாங்களாகவே பார்த்துப் படித்துப் பரீட்சை மண்டபத்துக்குப் போக வேண்டியதுதான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும்.

"ஒரு வாரம் தாங்க சேர்," என்றேன். "குடுக்கிற பெற்றோல்ல அஞ்சு நாளும் வந்து காட்டுறேன். என்னைக்கு முடியலையோ அன்னைக்கே கையெழுத்து வைக்கிறேன். அது வரைக்கும் இந்தப் பேச்சே வேணாம்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மூன்று நாளில் குடித்துத் தீர்க்கிற பெற்றோலை ஐந்து நாளுக்கு இழுக்க வேண்டும். அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீயா? மெதுவாவா? அதுக்கு நான் நடந்தே புசல்லாவைக்குப் போயிருவேன்."

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. அன்றைக்கே காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அவருடைய கிரிக்கெட் மட்டைகள், செத்துப்போன பெட்டரி ஒன்று, மாமியார் வீட்டிலிருந்து வந்த தேங்காய்கள், பழைய வினாத்தாள் கட்டுகள், என்றைக்கோ வாங்கிய சீமெந்துப் பையில் பாதி. எல்லாவற்றையும் இறக்கி முற்றத்தில் குவித்தேன். "இதெல்லாம் சும்மா சும்மா மலை ஏறி மலை இறங்கிட்டு இருந்திருக்கு!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். டயருக்குக் காற்று அடித்தேன். ஏசியை மறந்தேன். பேராதனை நெரிசலில் நின்று நின்று எரிப்பதை விட முந்திக் கிளம்பலாம் என்று, வரலாற்று மிஸ்ஸையும் வர்த்தக சேரையும் கோழி கூவும் முன்னே வாசலுக்கு வர வைத்தேன்.

இதெல்லாம் லேசு. கால்தான் கேட்க மாட்டேன் என்றது. முன்னால் ஒரு பஸ் புகை விட்டுக்கொண்டு ஊர்ந்தால் என் வலது கால் தானாகவே அமுக்கும். அமுக்கினால் பெற்றோல், முந்தி முடித்து அடுத்த வளைவில் பிரேக் பிடித்தால் அந்தப் பெற்றோல் எல்லாம் சூடாகிக் காற்றோடு போச்சு. வகுப்பில் இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டுகிறவள்தான் நான். ஆனால் ரோட்டில் அந்தப் பாடமெல்லாம் மறந்து போகும். அந்த வாரம் முதன்முறையாக ஒரு ஓட்டோ என்னை முந்தியது. அடுத்து ஒரு மாட்டுத் தீவன லொறி. கம்பளைக்குக் கிட்டே ஒரு கல்யாண வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்த, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பிள்ளை எனக்கு டாட்டா காட்டியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

"என்ன மிஸ் இது," என்றார் வர்த்தக சேர். "ஜனாஸா ஊர்வலம் போற மாதிரிப் போறீங்களே! நமக்கு ஒன்னும் ஆகலியே?"

வரலாற்று மிஸ் மட்டும் அந்த வாரம்தான் வழியில் ஆறு ஓடுவதை முதல் தடவை பார்த்ததாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை பெற்றோல் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு மகியாவை வாசலில் கார் நின்றபோது நான் ஹோர்னை விடாமல் அடித்தேன். கணவர் ஓடி வந்தார். "வந்துட்டேன்! அஞ்சு நாளும் வந்துட்டேன்!" என்று அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். ஆனால் உள்ளுக்குள் தெரியும், தப்பியது மயிரிழையில்தான். நடுவில் ஒரு நாள் மழையோ நெரிசலோ வந்திருந்தால் திங்கட்கிழமை நான் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். இன்னும் எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டும்.

மிச்சம் பிடிக்க மலைநாட்டில் ஸ்டியரிங் பிடித்த எல்லாருக்கும் ஒரே ஒரு வழிதான் தெரியும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. பஸ் ஓட்டுகிறவர், வேன் ஓட்டுகிறவர், தோட்டத்து லொறி ஓட்டுகிறவர், யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். எஞ்சின் சும்மா முனகிக்கொண்டிருக்கும், வண்டி தன் பாட்டுக்கு உருளும், எண்ணெய் மிச்சம். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவரும் அப்படித்தான் சொல்லித் தந்தார். புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு முழுக்க இறக்கம். நான் இதை விடுவேனா? அடுத்த வாரம் நியூட்ரலில் விட்டேன். அதோடு நின்றேனா என்றால் அதுவும் இல்லை. நியூட்ரலிலேயே இவ்வளவு மிச்சம் என்றால் எஞ்சினை நிறுத்தியே விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எப்படிப்பட்ட மூளை!

ஒரு பின்னேரம், தேயிலை மலைக்கு நடுவே ரோடு நெளிந்து இறங்கும் இடத்தில், திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். ஸ்டியரிங் பூட்டு விழாமல் பாதியில் நிறுத்த வேண்டும் என்ற அளவுக்காவது புத்தி இருந்தது. சத்தமே இல்லை. காற்று மட்டும் விசிலடித்தது. "பாத்தீங்களா சேர், சொட்டுக்கூடச் செலவில்லை!" என்று நான் பெருமையாகத் திரும்பிய நேரத்தில் வளைவு வந்தது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கை மிதித்தேன், முதல் தடவை கேட்டது, இரண்டாம் தடவை பாதி கேட்டது, மூன்றாம் தடவை என் கால்தான் வலித்தது. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கும் பலம் என்பது எனக்கு அந்த வளைவில்தான் ஞாபகம் வந்தது. நுவரெலியாப் பக்கம் ஏறி வந்த லொறி ஒன்று எங்களைப் பார்த்து ஹோர்னை அலறவிட்டது. பின்சீட்டில் வரலாற்று மிஸ் செபமாலையை விட்டுவிட்டு மாதாவை நேரடியாகவே கூப்பிட்டார். நான் கைப்பிரேக்கை இழுத்து, காரை மலைப்பக்கம் தண்ணீர் ஓடும் காணுக்குள் இறக்கி நிறுத்தினேன். முன் டயரிலிருந்து எரிந்த மணம் வந்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

பிறகு வர்த்தக சேர் மெதுவாகப் பிடியை விட்டார்.

"மிஸ், பெற்றோல் மிச்சம் புடிக்கலாம். நாம மிச்சம் இருக்கணுமே."

நான் சிரித்தேன். டயர் ஆறும் வரைக்கும் காணோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் என் மண்டைக்குள் மணி அடித்தது. நான் ஏன் இதை ஒரு நாளாவது கணக்காகப் பார்க்கவில்லை? நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகப் பெற்றோல் குடித்துக்கொண்டேதானே இருக்கும்! கியரில் வைத்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்? சில்லு உருள்கிறது, உருளும் சில்லு எஞ்சினைச் சுற்றுகிறது. மலையே எஞ்சினைச் சுற்றிக் கொடுக்கும்போது அதற்குப் பெற்றோல் எதற்கு? கார்பரேட்டர் காலத்தில் பழகியவர்கள் சொன்னதை, காலை எடுத்ததும் தானாகவே பெற்றோலை நிறுத்திக்கொள்ளும் இந்தக் காருக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்து நின்று கத்திய கத்தலில் மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூன்றாம் கியர்! சேர், மூன்றாம் கியர்!"

"அல்லாஹ்வே," என்றார் அவர். "திரும்பவும் என்னமோ கண்டுபுடிச்சிட்டாங்க."

கண்டுபிடித்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் முழுக்க, ஒவ்வொரு நாள் இறக்கத்திலும் மூன்றாம் கியரில் போட்டுக் காலை எடுத்தேன். கார் தானாகவே தன்னைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பிரேக்குக்கு வேலையே இல்லை. டயர் மணம் இல்லை. வெள்ளிக்கிழமை கம்பளைப் பாலத்தில் முள்ளைப் பார்த்தேன். நியூட்ரல் வாரத்தில் அந்தப் பாலத்தில் நின்ற இடத்தை விட மேலே நின்றது! அதுவும் மெல்லிய கோடு அளவில் இல்லை, விரல் வைத்துக் காட்டக்கூடிய அளவில். பாலத்து நெரிசலில் நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து ஓட்டோக்காரர், "என்ன மேடம், லொத்தர் விழுந்திருச்சா?" என்று கேட்டார். விழுந்துவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. முந்துவதில் இருந்த வெறி எல்லாம் இதில் இறங்கியது. தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டால் அங்கிருந்தே காலை எடுத்து, விளக்கு பச்சையாகும்போது நிற்காமலே போய்ச் சேர்வதில் இருக்கும் சுகம் எந்த பஸ்ஸை முந்தியும் எனக்குக் கிடைத்ததில்லை. ஏற்றத்துக்கு முன்னாலேயே கொஞ்சம் வேகம் சேர்த்து, காலை ஆட்டாமல் அசைக்காமல் ஒரே அமுக்கில் ஏறுவேன். வாரக் கடைசியில் முள் எங்கே நிற்கும் என்று நானும் சேரும் பந்தயம் கட்டுவோம், தோற்றவர் வடை வாங்க வேண்டும். வரலாற்று மிஸ் பந்தயம் கட்ட மாட்டார், வடை மட்டும் சாப்பிடுவார். வாரம் வாரமாக நான் போய்க்கொண்டே இருந்தேன். அதிபர் அந்தக் கையெழுத்துப் பேச்சை எடுக்கவே இல்லை. வகுப்பில் பாடங்கள் முடிந்து, பழைய வினாத்தாள்களுக்கு வந்துவிட்டோம்.

பரீட்சைக்கு முன் கடைசி வாரம். வெள்ளிக்கிழமைதான் கடைசி வகுப்பு, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பரீட்சை நிலையமாகிவிடும். செவ்வாய்க்கிழமை தொடங்கிய மழை நிற்கவில்லை. புதன்கிழமை ரோட்டில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. புதனும் வியாழனும் தோட்டப் பாதையால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கல்லும் சேறும், முழுக்க முதலாம் கியர். அந்த இரண்டு நாளில் நான் சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததெல்லாம் கரைந்தது. வெள்ளிக்கிழமை காலை ரோடு திறந்துவிட்டார்கள், ஆனால் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே படுத்திருந்தது. அடுத்த கோட்டா வர இன்னும் நாள் இருந்தது.

"போன் போட்டு வரலைன்னு சொல்லிரு," என்றார் கணவர், வாசலில் நின்று. "இவ்வளவு நாள் போயிட்ட. ஒரு நாள்தானே?"

அந்த ஒரு நாளுக்குத்தான் பிள்ளைகள் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கடைசி நாளில் நான் வராவிட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் காரை எடுத்தேன்.

பேராதனை, கெலிஓயா, கம்பளை வரைக்கும் மூன்று பேரின் கண்ணும் முள்ளில்தான் இருந்தது. கம்பளையில் வர்த்தக சேர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், ஓரமா நிப்பாட்டுங்க. நான் இறங்குறேன்."

"ஏன் சேர்?"

"என் பாரத்துக்கே எவ்வளவு போகும்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்கு எனக்கு முதல் பாடம் இல்ல. பஸ் வந்தா வருவேன், இன்ஷா அல்லாஹ். நீங்க போங்க."

அவர் இறங்கிக் கதவைச் சாத்தும் முன்பே பின்கதவும் திறந்தது. வரலாற்று மிஸ் குடையை விரித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "நீங்க போங்க மிஸ். நான் இங்கேயிருந்தே வேண்டிக்கிறேன்," என்றார். மழையில் அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு வளைவு திரும்பினேன்.

இனிமேல் நானும் காரும்தான். ஏறப் போதுமா என்பது மட்டும்தான் கணக்கு, திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு லொறி முந்தியது. முந்தட்டும். இன்னொரு வேன் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. அடிக்கட்டும். கால் அசையவில்லை. ஒவ்வொரு வளைவிலும், "வா தங்கம், இன்னும் கொஞ்சம், வா," என்று காரோடு சத்தமாகவே பேசினேன். பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாத படபடப்பு. புசல்லாவைக் கடைகள் தெரிந்தன. பள்ளிக்கூட மேட்டுக்குத் திரும்பும் இடத்தில் கார் ஒரு தடவை இருமியது. இரண்டாம் தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது. நான் ஓரத்துக்கு உருட்டி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, வினாத்தாள் கட்டைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஓடினேன்.

வகுப்பில் பதினொரு பேரும் இருந்தார்கள். யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. மணி அடித்து நேரமாகியிருந்தது. வாசலில் நான் நனைந்துபோய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதும் எல்லாரும் தடதடவென்று எழுந்தார்கள்.

"பிள்ளைகளா, கொஞ்சம் பொறுங்க," என்றேன். "பெற்றோல் சுத்தமா முடிஞ்சிருச்சு. கார் கீழ நிக்குது. திரும்பிப் போறதுக்கு ஒரு சொட்டு இல்ல. பின்னேரம் பஸ் வருமான்னும் தெரியாது."

பாவப்படுவார்கள் என்று நினைத்தேன். "ஐயோ மிஸ்" என்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வாங்கில் ஒரு பிள்ளை, வருஷம் முழுக்க வாயே திறக்காதவள், நான் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் விடை சொல்கிறவள், அவள்தான் முதலில் சிரித்தாள்.

"அப்படின்னா மிஸ்ஸால இன்னைக்கு எங்கள விட்டுட்டுப் போக முடியாது," என்றாள்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. மேசையைத் தட்டினார்கள், ஒருவன் விசிலடித்தான். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். இத்தனை வாரமாக நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களோ ஒவ்வொரு வாரமும், நான் காரில் ஏறிய ஒவ்வொரு பின்னேரமும், இவளும் திரும்பி வரமாட்டாளோ என்று என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூட அதை என்னிடம் சொன்னதில்லை.

வினாத்தாள் கட்டை மேசையில் போட்டேன். நனைந்த தாள்களைப் பிரித்து ஜன்னலோரம் காயப் போட்டார்கள். ஒரு தாள்தான் செய்வதாக இருந்தோம். அன்றைக்கு மூன்று தாள் செய்தோம்.